டீசல் என்ஜினும் கதவுப் பூட்டும்

போன மே மாசம் ஒரு நாள், சாவியில பட்டனை அமுக்கினா மூணு கதவு 'டக்'னு திறக்குது. அக்கா பையன் உட்கார்ற பக்கம் மட்டும் அசையலை. உள்ளே சைல்டு லாக் வேற போட்டிருக்கு. அந்தப் பக்கமா அவனை இறக்கிட்டேன், பெரிய விஷயம் இல்லை. ஆனா அம்மா கேட்டாங்க: "எங்கயாவது இடிச்சு, அந்தப் பக்கம் நசுங்கிப் போச்சுன்னா?" பதில் இல்லை.

மெக்கானிக் பார்த்த உடனே "கண்ட்ரோல் யூனிட் போச்சு சார், மாத்தணும்" என்றார். எங்க ஆபீஸ்ல எந்த பக் வந்தாலும் ரீஇன்ஸ்டால் பண்ணச் சொல்ற ஆள் ஞாபகம் வந்தது :-) யூனிட் போயிருந்தா மத்த மூணு கதவு எப்படி வேலை செய்யும்?

இந்தப் பூட்டோட கதையைத் தோண்டினேன். 1956-லேயே அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் மின்சாரக் கதவுப் பூட்டு வந்துவிட்டது. பாவம், அதே வருஷம் அந்தக் கம்பெனியின் டெட்ராய்ட் ஆலையை மூடிட்டாங்க.

எனக்குப் பிடிச்சது பென்ஸ் பண்ணின வேலை. 1976-ல் வந்த டபிள்யூ123 மாடலில் சென்ட்ரல் லாக் மின்சாரத்தில் ஓடவில்லை, வெற்றிடத்தில் ஓடியது! டீசல் வண்டியில் என்ஜினோடு சுத்துற ஒரு பம்ப் காற்றை உறிஞ்சும். மெல்லிய குழாய்கள் வழியா அந்த உறிஞ்சல் ஒவ்வொரு கதவுக்கும் போய், ஒரு ரப்பர் சவ்வை இழுத்துப் பூட்டும். டீசல் வண்டியில் இன்னொரு கூத்து. சாவியைத் திருப்பினா என்ஜினை நிறுத்துவதும் அதே வெற்றிடம்தான். அதனால கதவுக்குள்ள ஒரு சவ்வு கிழிஞ்சா, சாவியை எடுத்தபிறகும் என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கலாம். பானெட்டைத் திறந்து 'ஸ்டாப்' லீவரை அமுக்கணும். என்ஜின் நிக்கலைன்னு கதவைப் பிரிக்கிற மெக்கானிக்கை யார் நம்புவாங்க? கண்டுபிடிக்க ஒவ்வொரு கதவுக் குழாயா கழட்டி அடைச்சுப் பார்க்கணும். நம்ம லீனியர் சர்ச்தான்.

1982-ல் ரெனோ ஃபுயேகோவில் ரிமோட் வந்தது. 1986-ல் பாஷ் கம்பெனி கேன் பஸ்ஸை அறிமுகப்படுத்த, மூட்டை மூட்டையா போன வயர்கள் குறைய ஆரம்பித்தன. ஆனா எத்தனை மாறினாலும், கதவுக்கு மின்சாரம் கீல் பக்கத்து ரப்பர் குழாய் வழியாத்தான் போகணும். கதவைத் திறக்கும்போதெல்லாம் வயர் மடங்கும்.

அங்கேதான் தேடினேன். மோட்டாருக்கு ரெண்டே வயர். ஒரு திசையில் கரன்ட் போனா பூட்டும், மாத்திப் போனா திறக்கும். மல்டிமீட்டர் வெச்சுக்கிட்டு பட்டனை அமுக்கினா 12 வோல்ட் காட்டுது! அரை மணி நேரம் குழம்பினேன். அப்புறம் ஒரு சின்ன பல்பை மாட்டினா, எரியவே இல்லை. உறைக்குள்ள ஒரே ஒரு இழைதான் மிச்சம். மீட்டருக்கு அது போதும், மோட்டாருக்குப் போதாது.

தினமும் ஸ்கூலுக்குத் திறந்து மூடுற கதவு, அதான் அறுந்திருக்கு. அரை அடி வயர் வெட்டி, கொஞ்சம் தளர்வா விட்டு பத்தவெச்சேன். மெக்கானிக்கிட்ட சொன்னேன், நம்பலை.

அம்மா இப்பவும் கிளம்பறதுக்கு முன்னாடி அந்தக் கதவை ஒரு தடவை திறந்து பார்த்துட்டுத்தான் ஏறுறாங்க.