உருகிய பேழை

1871-இல் ஒரே பேரரசாக ஒன்றுபடும் வரை ஜெர்மனி பற்பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. கோமகன்களும் ஆயர்களும் தன்னாட்சி நகரங்களும் ‘தாலர்’ என்னும் வெள்ளி நாணயத்தைத் தத்தம் சின்னத்துடன் வெளியிட்டனர். நாணயம் சேகரிப்போர் அவற்றை இன்றும் தேடிச் சேர்க்கின்றனர். அவற்றுள் 1622-ஆம் ஆண்டுத் தாலர் ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

முப்பதாண்டுப் போர் நடந்த காலம் அது. லூத்தரன் சபையைச் சார்ந்த பிரவுன்ஷ்வைக் கோமகன் கிறிஸ்தியான், தம் படைச் செலவுக்குப் பணம் தேடினார். பாடர்போர்ன் நகரைக் கைப்பற்றி, பேராலயத்தின் வெள்ளிப் பொருட்களையும், புனித லிபோரியுசின் திருப்பண்டங்கள் இருந்த பேழையையும் கவர்ந்து சென்றார். கொள்ளைப் பொருள் உருகிக் காசாயிற்று. அதன் ஒரு பக்கத்தில், மேகத்தினின்று நீளும் வாளேந்திய கரம். மறுபக்கத்தில், ‘கடவுளின் நண்பன், குருக்களின் பகைவன்’ என்னும் வாசகம்.

கிறிஸ்தியான் 1626-இல், தம் 26-ஆம் வயதில் இறந்தார். மறு ஆண்டே திருப்பண்டங்கள் பாடர்போர்னுக்குத் திரும்பின. அவற்றிற்கென 1627-இல் செய்யப்பட்ட புதிய பேழை, ஆண்டுதோறும் ஜூலைத் திருவிழாவில் பவனி வருகிறது. வெள்ளி போயிற்று, விசுவாசம் போகவில்லை.

எனினும், கிறிஸ்தியானை மட்டும் பழித்து நாம் அமைதி கொள்ளலாகாது. அப்போரில் இரு தரப்பினரும் கடவுளின் பெயராலேயே வாளெடுத்தனர். இறைவனின் நட்பையும் மனிதரின் பகையையும் ஒரே நாணயத்தில் பொறித்துவிடலாம். ஒரே உள்ளத்தில் பொறிக்க இயலுமா?