குழந்தைப் பருவ உடல் பருமன்: காரணங்கள்

குழந்தையின் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற அளவைத் தாண்டி உடலில் கொழுப்பு சேர்ந்து, அது உடல்நலத்தைக் கெடுக்கும் நிலையே குழந்தைப் பருவ உடல் பருமன். பெரியவர்களுக்குச் செய்வதுபோல ஒரே எண்ணை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை, அந்தந்த வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி வரைபடத்தில் வைத்துத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். 1990இல் இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு உடல் பருமன் இருந்தது. 2022இல் அது சுமார் 1.25 கோடி. உலக அளவில் சுமார் 16 கோடி.

காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். 'எந்நேரமும் எதையாவது மெல்லுகிறான்' என்பது அக்கம்பக்கத்தார் பதில். 'தைராய்டாக இருக்கும்' என்பது பெற்றோர் பதில். முன்னது பாதி உண்மை. பின்னது மிக அரிது. தைராய்டு குறைபாடு போன்ற ஹார்மோன் கோளாறால் எடை கூடும் குழந்தை பெரும்பாலும் உயரம் கூடாமல் நின்றுவிடும். சாதாரணப் பருமனுள்ள பிள்ளையோ வகுப்பில் கொஞ்சம் உயரமாகவே இருக்கும். அதனால்தான் விவரமான மருத்துவர் எடையைப் பார்க்கும்போதே உயரத்தையும் அளந்துவிடுகிறார். நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவதால் எடை கூடும் குழந்தைகள் தனிக் கணக்கு.

மரபணுவின் பங்கை உலகுக்குத் துலக்கமாகக் காட்டியவர்கள் இரண்டு குழந்தைகள். பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த அவர்களைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1997இல் எழுதினார்கள். 8 வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுடைய உறவுக்காரச் சிறுவன் 2 வயதில் 29 கிலோ. பிறந்தபோது இருவரும் இயல்பான எடைதான். பசி மட்டும் அடங்கவே இல்லை. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் அவர்கள் உடலில் வேலை செய்யவில்லை. அந்த ஹார்மோனின் மரபணுவை ஜெஃப்ரி ஃப்ரீட்மன் நியூயார்க்கில் கண்டறிந்து அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிறகு சிறுமிக்கு லெப்டின் ஊசி தொடங்கியபோது அவள் எடை 94 கிலோ. ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. திட்டியும் பட்டினி போட்டும் இறக்கக்கூடிய எடையல்ல இது.

இப்படி ஒற்றை மரபணுப் பிழையால் வருவது வெகு அபூர்வம். மற்றவர்களிடம் பல மரபணுக்கள் சேர்ந்து, சிலருக்குப் பசியைச் சற்றுக் கூட்டியும் சிலருக்குக் குறைத்தும் வைக்கின்றன. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்களை ஆராய்ந்து 1986இல் வெளியான ஆய்வில், அவர்களின் உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. இந்தியாவின் 4 லட்சம் 1.25 கோடியானதற்கு வேறு கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு கருவறையிலேயே தொடங்குகிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பஞ்சத்தில் தவித்தது. அக்காலத்தில் கருவிலோ கைக்குழந்தையாகவோ இருந்தவர்கள் உட்பட, 19 வயது ஆண்கள் 3 லட்சம் பேரின் ராணுவ மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 1976இல் முடிவுகள் வந்தன. கர்ப்பத்தின் முற்பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால் மகனுக்குப் பருமன் வரும் வாய்ப்பு அதிகம். புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் கண்டது நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைவு. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த குழந்தையைத் தேற்றுகிறோம் என்று அவசர அவசரமாகக் குண்டாக்குவது ஆபத்தாவது இங்கேதான்.

தாய்ப்பால் பருமனைத் தடுக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பெலாரஸில் சுமார் 17,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், தாய்ப்பாலூட்டலை ஊக்குவித்ததால் 11 வயதில் பருமன் குறையவில்லை. தாய்ப்பால் கொடுக்க வேறு நல்ல காரணங்கள் ஏராளம். இதையும் அதன் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

பிறந்தபின் வேலையைக் காட்டுவது சூழல். சென்னையில் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயதுள்ள ஏறத்தாழ 19,000 மாணவர்களை அளந்த ஆய்வு ஒன்றில், தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ கொண்டிருந்தார்கள். அரசுப் பள்ளிகளில் 3.6 விழுக்காடுதான். ஊர் ஒன்று, தட்பவெப்பம் ஒன்று. வித்தியாசம் பெற்றோரின் பையிலும் பிள்ளையின் அன்றாடத்திலும் இருக்கிறது. காலையில் வாசலுக்கு வரும் வேன், பி.டி. பீரியடை வாங்கிக்கொள்ளும் கணக்கு வாத்தியார், சாயங்காலம் டியூஷன், ராத்திரி போன். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த அட்டவணையில் அதற்கு இடமில்லை. தூக்கமும் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளை அளக்கிறார்கள். மிக வறிய பகுதிகளில் பருமன், வசதியான பகுதிகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு. எண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் யாருக்கு எளிதாகக் கிடைக்கின்றனவோ அவர்கள் வீட்டுப் பிள்ளைதான் பருக்கிறது. ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் தொங்காத கிராமத்துப் பெட்டிக்கடை இப்போது இல்லை என்பதால், நம் பக்கத்துப் புள்ளிவிவரமும் அப்படித் திரும்பக்கூடும்.

உணவில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பிடிபட்ட குற்றவாளி இனிப்புப் பானம். நெதர்லாந்தில் 641 சிறுவர்களுக்கு 18 மாதங்கள் தினமும் 250 மில்லி பானம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது. மீதிப் பேருக்கு அதே சுவையில் சர்க்கரை இல்லாதது. எது எவருக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. 2012இல் வெளியான முடிவு: சர்க்கரை குடித்தவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோ கூடுதலாக எடை ஏறியிருந்தது. திரவமாகப் போகும் சர்க்கரை வயிற்றை நிரப்பியதாகவே உடல் எண்ணுவதில்லை. பாலில் கலக்கும் சாக்லேட் பொடிகள் பலவற்றிலும் சர்க்கரை கணிசம். அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில்தான் சொன்னது.

ஊட்டும் முறையும் சேர்கிறது. குழந்தை வாயை இறுக்கி மூடிய பிறகும் போனில் பாட்டு ஓடவிட்டு 'இன்னும் ஒரு வாய்' திணித்தால், பசி எங்கே முடிகிறது என்று அது கற்றுக்கொள்ள வழியில்லை. இதில் பாட்டிமாரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. கொழுகொழு குழந்தைதான் ஆரோக்கியம் என்று விளம்பரங்களும் சொல்லிவந்திருக்கின்றன.

இத்தகைய விற்பனை உத்திகளுக்குக் கடிவாளம் போட, சிலி நாடு 2016இல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பண்டங்களின் உறையில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அவற்றில் குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் உருவங்களைத் தடைசெய்தது. இனிப்புப் பானங்கள் வாங்குவது சுமார் கால்பங்கு குறைந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது. பள்ளி விடும் நேரத்தில் உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் போய் நின்று அந்த 50 மீட்டரை அளந்து பாருங்கள்.