ஆதரவு வேலைவாய்ப்பு (அமெரிக்கா)

கடுமையான குறைபாடுள்ள பெரியவர்களை எல்லாரும் வேலை பார்க்கும் சாதாரண நிறுவனங்களில், மற்றவர்களுக்குரிய அதே சம்பளத்தில் அமர்த்தி, அவர்கள் அங்கே நிலைத்திருக்க வேண்டிய உதவியைப் பணியிடத்திலேயே கொடுக்கும் சேவைமுறை ஆதரவு வேலைவாய்ப்பு எனப்படும். அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளைக்காயம், நாள்பட்ட மனநோய் ஆகியவற்றோடு வாழ்பவர்களே இதன் முதன்மைப் பயனாளிகள். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் அமெரிக்காவில் உருவாகிப் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. பயிற்சி முடித்துத் தேறியவருக்கே வேலை என்பது பழைய வரிசை. இது அதைத் தலைகீழாக்கியது: வேலை முதலில், பயிற்சி அந்த வேலையிலேயே. இம்முறையின் உயிர்நாடி இதுதான். சட்டமும் நிதியும் இன்றுவரை அதன் பின்னால்தான் ஓடிவருகின்றன.

காப்புப் பட்டறைகள்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒருவருக்கு அமெரிக்காவில் வேலை என்றால் காப்புப் பட்டறைதான். தொண்டு நிறுவனங்களும் பெற்றோர் சங்கங்களும் நடத்திய அந்தக் கூடங்களில் திருகாணிகளை எண்ணிப் பையில் போடுவது, உறைகளில் தாள் திணிப்பது, சிறு பாகங்களைப் பொருத்துவது போன்ற பணிகள் நடந்தன. வெளியுலக வேலைக்குத் தயார்செய்யும் இடம் என்று சொல்லப்பட்டாலும், அங்கிருந்து வெளியே போனவர்கள் மிகச் சிலர். திருகாணி எண்ணுவதில் பத்து ஆண்டுகள் தேர்ந்தவரும் 'இன்னும் தயாராகவில்லை' என்ற பட்டியலிலேயே இருந்தார்.

சம்பளத்துக்கு 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழிலாளர் தரச் சட்டத்தின் 14(சி) பிரிவு வழிசெய்தது. சிறப்புச் சான்றிதழ் பெற்ற முதலாளி, குறைபாடுள்ள தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம். குறைபாடற்ற ஒருவர் ஒரு மணி நேரத்தில் செய்யும் அளவைக் கடிகாரம் வைத்து அளப்பார்கள். அதில் பாதி செய்தால் பாதிக் கூலி, பத்திலொரு பங்கு என்றால் கூலியும் பத்திலொரு பங்கு. இதற்குக் கீழ்வரம்பு எதுவும் கிடையாது.

குறைகூலிப் பழக்கம் எந்த எல்லைவரை போகும் என்பதை அயோவா மாநிலத்தின் அடாலிசா என்ற சிற்றூர் காட்டியது. ஹென்றிஸ் டர்க்கி சர்வீஸ் என்ற ஒப்பந்த நிறுவனம் டெக்சஸிலிருந்து கொண்டுவந்த அறிவுத்திறன் குறைபாடுள்ள ஆண்களைப் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் தங்கவைத்து, பக்கத்து வான்கோழி இறைச்சி ஆலைக்குப் பல பத்தாண்டுகள் அனுப்பியது. அவர்கள் கைக்கு வந்தது மாதம் 65 டாலர். 2009இல் விஷயம் வெளியே வந்தது. 2013இல் 32 பேருக்கு 24 கோடி டாலர் இழப்பீடு வழங்கும்படி நடுவர் குழு தீர்ப்பளித்தது. சட்டம் விதித்த உச்சவரம்பு அதைத் தலைக்கு 50,000 டாலர், மொத்தம் 16 லட்சம் டாலர் என்று சுருக்கிவிட்டது.

பட்டறைகளை எல்லாம் இந்த ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது. பிள்ளை காலையில் கிளம்பிப் போக ஓர் இடம், பழகிய முகங்கள், தாங்கள் வேலைக்குப் போய்வரும் வரை பாதுகாப்பு ஆகியவற்றுக்காகவே பல பெற்றோர் அவற்றை இன்றும் விடாமல் பிடித்திருக்கிறார்கள். வெளி வேலை வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்தான் என்றால் மீதிப் பொழுது எப்படிக் கழியும் என்ற அவர்களுடைய கேள்விக்குப் பல ஊர்களில் சரியான விடை இல்லை.

தோற்றம்

இலினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்க் கோல்ட், 1970களின் தொடக்கத்தில் பட்டறைகளில் இருந்த இளைஞர்களிடம் பதினைந்து பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைக் கொடுத்துப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். கல்வி கற்க இயலாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் அவர்கள். பாகங்களை வரிசையாகத் தட்டில் அடுக்கி, எந்தப் பக்கம் பார்வைக்கு வர வேண்டுமோ அந்தப் பக்கத்தில் வண்ணம் பூசி, ஒவ்வொரு படியாக அவர் சொல்லித்தந்தார். அவர்கள் கற்றார்கள்; அதைவிடச் சிக்கலான 24 பாக பிரேக்கையும் பூட்டினார்கள். ஒருவர் கற்கவில்லை என்றால் சொல்லிக்கொடுத்த முறையை மாற்ற வேண்டுமே தவிர ஆளைக் குறைசொல்லக் கூடாது என்பது கோல்டின் கட்சி. 1982இல் அவர் மறைந்தார்.

ஓரிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பெல்லமியும் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் பால் வேமனும் இந்தச் சிந்தனையைப் பட்டறைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தார்கள். 1984இல் வளர்ச்சிக் குறைபாடுகள் சட்டத்தின் திருத்தம் ஆதரவு வேலைவாய்ப்புக்கு வரையறை தந்தது. 1986இல் மறுவாழ்வுச் சட்டத்தின் திருத்தம் மாநிலங்களுக்குத் தனி நிதி ஒதுக்கியது. தொடக்க ஆண்டுகளில் ஐந்தாறு பேரைக் குழுவாக ஒரே ஆலைக்கோ, வண்டியில் ஏற்றித் துப்புரவுப் பணிக்கோ அனுப்புவதும் இதே பெயரில் நடந்தது. பட்டறையைச் சக்கரத்தில் வைத்து நகர்த்தியது போன்ற ஏற்பாடு அது. பின்னர் ஓர் ஆள், ஒரு வேலை என்ற வடிவமே சரியானது என்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டனர்.

நடைமுறை

முதல் கட்டத்தில் விண்ணப்பமோ தேர்வோ இல்லை. சேவை நிறுவனத்தின் பணியாளர் அந்த நபரின் வீட்டுக்கும் அவர் புழங்கும் இடங்களுக்கும் போய், எதில் விருப்பம், எந்தச் சத்தம் பொறுக்காது, காலையில் எழுவது எப்படி, பேருந்தில் தனியே போவாரா என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். அடுத்ததாக முதலாளியைத் தேடுகிறார். காலியிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை; அந்த இடத்தில் தேங்கிக் கிடக்கும் வேலை எது என்றும் பார்க்கிறார். சம்பளம் அதிகம் வாங்கும் ஊழியர்கள் தங்கள் நேரத்தைச் செலவிடும் எளிய பணிகளை ஒன்றுசேர்த்து ஒரு புதிய பணியிடத்தையே வெட்டியெடுப்பதும் உண்டு.

சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996இல் நடந்தது இதற்கு நல்ல சான்று. அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பில் இருந்த செவிலியர் எரின் ரீலிக்கு ஒரு தலைவலி: மருத்துவப் பொருள் அலமாரிகளைச் சரியாக நிரப்பி வைக்கும் வேலையில் யாரும் நிலைப்பதில்லை. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் இங்கே சிகிச்சைக்கு வருகிறார்களே, அவர்களைப் போன்றவர்கள் ஏன் இங்கே வேலை பார்க்கக் கூடாது என்று அவர் கேட்டார். சிறப்புக் கல்வியாளர் சூசி ருட்கோவ்ஸ்கியோடு சேர்ந்து அவர் தொடங்கிய புராஜெக்ட் சர்ச் திட்டத்தில், பள்ளியின் கடைசி ஆண்டு மாணவர்கள் வகுப்பறையை விட்டு மருத்துவமனைக்கே வந்து ஓராண்டு முழுவதும் வெவ்வேறு பிரிவுகளில் பணி பழகுகிறார்கள். ஒவ்வொரு அலமாரியிலும் எந்த அளவுக் குழாய் எத்தனை இருக்க வேண்டும் என்று மாறாமல் எண்ணிவைக்கும் பணி, மற்றவர்களுக்குச் சலிப்பு. சிலருக்கு அதுவே பிடித்த பணி.

வேலை தொடங்கியதும் ஜாப் கோச் எனப்படும் பணிப் பயிற்றுநர் கூடவே போகிறார். முதலில் அவரே அந்த வேலையைச் செய்து பார்த்து, அதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிக்கிறார். உணவகத்தில் பாத்திரம் கழுவுவதே இருபது படிகளுக்கு மேல் நீளலாம். எந்தப் படியில் தடுமாற்றம் என்று பார்த்து அங்கே மட்டும் கைகொடுப்பார். தேவைப்பட்டால் சுவரில் ஒரு படப் பட்டியல், கைபேசியில் ஒரு மணியோசை. நாளடைவில் முழுநாள் உடனிருப்பது அரைநாளாகும், பிறகு வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் இருமுறை என்று குறையும். பயிற்றுநர் எப்போதும் பக்கத்திலேயே நின்றால் சக ஊழியர்கள் அவரிடமே பேசுவார்கள், தொழிலாளியிடம் பேச மாட்டார்கள். எனவே சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளரையோ பக்கத்து மேசைக்காரரையோ கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டு விலகுவதே நல்ல பயிற்றுநரின் திறமை.

மனநலத் துறையில்

நியூ ஹாம்ஷயரில் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் 1990களில் வடிவமைத்த 'தனிநபர் வேலையமர்த்தமும் ஆதரவும்' என்ற முறை, மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் உள்ளவர்களுக்கானது. வேலை வேண்டும் என்று சொல்லும் எவரையும் விலக்குவதில்லை. நோய் அறிகுறிகள் இருப்பதும் போதைப் பழக்கமும் தடையாகக் கொள்ளப்படுவதில்லை. வேலை தேடும் பணி சில வாரங்களிலேயே தொடங்கும். வேலைவாய்ப்பு வல்லுநர் மருத்துவக் குழுவின் உறுப்பினராகவே இருப்பார். இந்தத் துறையில் சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளால் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டது இம்முறையே. பல நாடுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தால், படிப்படியாகத் தயார்செய்யும் பழைய திட்டங்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு பேர் வெளிச் சந்தையில் வேலை பெறுகிறார்கள்.

பணமும் உதவித்தொகையும்

மாநில மறுவாழ்வுத் துறை வேலை தேடும் செலவையும் தொடக்கக்காலப் பயிற்சியையும் ஏற்கிறது. 2014ஆம் ஆண்டின் தொழிலாளர் புத்தாக்க, வாய்ப்புச் சட்டம் இந்தக் காலத்தை 18 மாதத்திலிருந்து 24 மாதமாக உயர்த்தியது. அதற்குப் பிறகான நீண்டகால ஆதரவை வேறொரு கணக்கிலிருந்து, பெரும்பாலும் குறைந்த வருமானத்தாருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டிலிருந்து, எடுக்க வேண்டும். முறையின் பலவீனமான கண்ணி இந்த இடம்தான். மேலாளர் மாறினாலோ, கடை வேறு ஊருக்குப் போனாலோ, அம்மா இறந்துபோனாலோ ஐந்தாம் ஆண்டிலும் உதவி தேவைப்படும். கணக்கு கைமாறும் இடத்தில் அது அறுந்துபோகிறது. பயிற்றுநர்களின் சம்பளமும் குறைவு, அவர்களும் நிலைப்பதில்லை.

வேலைக்குப் போனால் அரசு உதவித்தொகை நின்றுவிடும் என்ற அச்சம் குடும்பங்களைப் பெரிதும் தடுக்கிறது. உண்மைக் கணக்கு வேறு. துணை வருமான உதவி பெறுபவர், வேறு வருமானம் இல்லாத நிலையில், மாதம் 885 டாலர் சம்பாதித்தால் முதலில் 85 டாலர் கழிக்கப்படும். மீதி 800இல் பாதி, அதாவது 400 டாலர் மட்டுமே உதவித்தொகையில் குறையும். கையில் 485 டாலர் கூடும். ஆனால் தனிநபரின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது என்ற விதி 1989க்குப் பிறகு உயர்த்தப்படவே இல்லை. அந்த வரம்பைத் தொடாமல் பணம் சேர்க்க வழிதரும் ஏபிள் சேமிப்புக் கணக்கு (2014ஆம் ஆண்டுச் சட்டம்) இதற்கு ஓரளவு வடிகால். சம்பளம் வந்தால் உதவித்தொகை எவ்வளவு குறையும் என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து விளக்கும் உதவித்தொகை ஆலோசகர், பயிற்றுநருக்குச் சமமாக முக்கியமானவர்.

நீதிமன்றங்களும் இன்றைய நிலையும்

குறைபாடுள்ளவர்களைத் தேவையின்றி ஒதுக்கிவைப்பதும் பாகுபாடே என்று 1999இல் ஓல்ம்ஸ்டெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது தங்குமிடம் பற்றிய வழக்கு. பகல்நேர வேலைக்கும் அதே தர்க்கம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் ஓர் அரசுப் பள்ளியே பட்டறை நடத்தி, நகை கோக்கும் மாணவர்களுக்கு மணிக்கு 50 சென்ட் முதல் 2 டாலர் வரை கொடுத்தது தெரியவந்ததை அடுத்து, 2014இல் அம்மாநிலம் மத்திய அரசின் நீதித் துறையுடன் மாநிலம் தழுவிய உடன்பாட்டுக்கு வந்தது. ஓரிகனில் பட்டறைகளை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கும் 2015இல் உடன்பாட்டில் முடிந்தது. வெர்மான்ட் எந்த வழக்குக்கும் காத்திராமல் 2000களின் தொடக்கத்திலேயே தன் பட்டறைகளை மூடிவிட்டது.

2016 ஜூலை முதல், 24 வயதோ அதற்குக் குறைவோ உள்ள எவரையும் மறுவாழ்வுத் துறையின் வாய்ப்புகளைக் காட்டாமல் குறைகூலி வேலையில் சேர்க்கக் கூடாது. நியூ ஹாம்ஷயர் 2015இல் குறைகூலியையே தடைசெய்தது; மேரிலாந்து, அலாஸ்கா எனப் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 14(சி) சான்றிதழ்களை நாடு முழுவதும் படிப்படியாக நிறுத்தும் விதியைத் தொழிலாளர் துறை 2024 டிசம்பரில் முன்மொழிந்தது. 2025 ஜூலையில் அதே துறை அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால், தடைசெய்யாத மாநிலங்களில் 1938ஆம் ஆண்டுப் பிரிவு இன்னும் நடைமுறையில் இருக்கிறது.