எரிமீன்: சொல்லும் பொருளும்

விண்மீன் அல்லாத ஒன்றை ‘எரிமீன்’ என்றல் பிழையன்றோ எனின், அதனை அயன்மொழிச் சொல் ஒன்றன் வரலாறு கொண்டு ஆராய்வோம்.

எரிமீனைக் குறிக்கும் ‘மீட்டியர்’ என்னும் ஆங்கிலச் சொல் கிரேக்க மூலத்தது; ‘உயரத்தே உள்ளது’ என்பது அதன் முதற்பொருள். மழையும் காற்றும் மின்னலும் வானவில்லும் அதனுள் அடங்கின. நிலத்தினின்று எழும் உலர்ந்த ஆவி தீப்பற்றுதலே எரிமீன் எனக் கருதிய அரிசுடாட்டில், அதனை அவற்றோடு ஒருங்குவைத்து ஆராய்ந்தார். நாளடைவில் அச்சொல் பெரிதும் எரிமீனளவிற் சுருங்கிற்று.

கி.பி. 1794-இல் செருமானிய அறிஞர் கிளாட்னி, வானில் ஒளிர்ந்து வீழும் தீப்பந்துகள் விண்வெளியினின்று வருவன என்றார். அறிஞர் பலர் அதனை ஏற்றிலர். 1803-இல் பிரான்சு நாட்டு இலேகிள் என்னும் ஊரருகே கற்கள் மழையெனப் பொழிந்தன. நேரிற் சென்று ஆராய்ந்த பியோவின் அறிக்கை ஐயத்தைப் பெரிதும் அகற்றிற்று. அரிசுடாட்டிலின் கொள்கை வீழ்ந்தது; சொல் வீழவில்லை. வானிலையியலைக் குறிக்கும் ‘மீட்டியராலசி’ என்னும் பெயரில் அதன் பழம்பொருள் இன்றும் வாழ்கின்றது.

புறநானூற்று 229-ஆம் பாட்டில் கூடலூர் கிழாரும் வானினின்று வீழ்ந்ததனை மீன் என்றே குறித்தார். ஆகலின், பொருளறிவு திருந்தியமை பற்றிப் பழஞ்சொல்லை விலக்குதல் வேண்டா என்பதே எம் துணிபு.