ரெண்டு தந்தி போதும்

1987-இல் மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணக் கச்சேரி. பாட்டின் நடுவே கிட்டாருக்கு 8 பார் (தாளக் கட்டம்) இடம். நான் 16 பார் வாசித்துவிட்டேன். பாடகர் மைக்கை வாயருகே கொண்டுபோய், இறக்கி, மறுபடி கொண்டுபோனார். மேடையை விட்டு இறங்கியதும் தபலா வாசித்த அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்: "எதுக்குய்யா அவ்வளவு?"

அன்று என்னிடம் பதில் இல்லை. பின்னால் மதுரையில் பசங்களுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது அந்தக் கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சுமந்துகொண்டுதான் பழைய அமெரிக்க ரெக்கார்டுகளுக்குள் நுழைந்தேன்.

பேண்டில் கிட்டார்க்காரர் முன்னால் வந்து ஸோலோ வாசிப்பது ஒன்றும் தொன்றுதொட்ட வழக்கமில்லை. 1927-இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குழுவோடு கிட்டார்க்காரர் லானி ஜான்சன் வாசித்த ரெக்கார்டுகள் உண்டு. ஆனால் அன்றைய பெரிய பேண்டுகளில் ட்ரம்பெட்டுக்கும் சாக்ஸஃபோனுக்கும் பின்னால் தாளத்துக்குக் கார்டு தட்டுவதுதான் கிட்டார்க்காரரின் பிழைப்பு. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அந்த ஊதுகுழல்களைத் தாண்டிச் சத்தம் வெளியே வராது. 1936-இல் கிப்சன் கம்பெனி இஎஸ்-150 என்ற மின்சாரக் கிட்டாரைக் கொண்டுவந்த பிறகுதான் கிட்டாருக்குத் தொண்டை திறந்தது.

அந்தத் தொண்டையில் பேசக் கற்றவர் சார்லி கிறிஸ்டியன். 1916-இல் டெக்சாஸில் பிறந்து ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்தவர். அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. பிள்ளைகள் அவரோடு தெருத்தெருவாகப் போய் வாசித்துக் காசு வாங்கினார்கள். சார்லி பள்ளிக்கூடத்தில் சுருட்டுப் பெட்டியைக் கிட்டாராகச் செய்து வாசித்ததை, அதே ஊரில் வளர்ந்த எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் எழுதியிருக்கிறார்.

1939 ஆகஸ்டில் கிளாரினெட் மேதை பென்னி குட்மனின் மேடையில், அவருக்குத் தெரியாமலேயே சார்லியை ஏற்றிவிட்டார் ரெக்கார்டு தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட். குட்மனுக்கு எரிச்சல். இந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்து 'ரோஸ் ரூம்' பாட்டைத் தொடங்கினாராம். அந்த ஒரு பாட்டு முக்கால் மணி நேரம் போனது என்பார்கள். சார்லிக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஆனால் ரெக்கார்டில் முக்கால் மணி நேரம் ஏது? அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான். அதற்குள் கிளாரினெட், வைப்ரஃபோன், பியானோ எல்லோருக்கும் பங்கு உண்டு. சார்லிக்குப் பாட்டின் ஒரு சுற்று, 32 பார் கிடைத்தாலே பெரிது. அந்த இடத்தில் ஒரு சின்னச் சொல்லை எடுப்பார். திரும்பச் சொல்வார். வாலை மட்டும் மாற்றுவார். மூன்றாம் முறை அதை ஒரு தட்டு தள்ளி வைப்பார். தந்தியை மீட்டும் பிக் பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே விழும்.

1941-இல் நியூயார்க்கின் ஹார்லமில் மின்டன்ஸ் என்ற கிளப்பில், இரவு நேர வாசிப்புகளை ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் பதிவு செய்தார். அங்கே சார்லிக்குக் கட்டுப்பாடே இல்லை. சுற்றுக்குமேல் சுற்றாகப் போகிறார். கேட்டுப் பாருங்கள், அங்கும் அதே சிக்கனம். 3 நிமிடத் தட்டு கற்றுக்கொடுத்த கணக்கு கையிலேயே தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் காசநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 25.

சார்லிக்கு இடப் பஞ்சம் என்றால், ஐரோப்பாவில் கிட்டார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு வந்த பஞ்சம் வேறு. 1928-இல், 18 வயதில், அவர் வாழ்ந்த வண்டிவீடு தீப்பிடித்தது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப்போயின. ஸோலோ வாசிக்க மிஞ்சியவை இரண்டு விரல்கள். அகலவாக்கில் எட்டாததை நீளவாக்கில் ஓடிப் பிடித்தார். 1934-இல் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெலியோடு சேர்ந்து பாரிஸில் அவர் தொடங்கிய ஐவர் குழுவின் வாசிப்பில் அந்த ஓட்டம் கேட்கிறது.

மூன்றாமவர் அமெரிக்க ப்ளூஸ் பாடகர், கிட்டார்க்காரர் பி.பி.கிங். பாடிக்கொண்டே வாசிக்க அவருக்கு வராது. அதை அவரே வெளிப்படையாகச் சொல்வார். ஆகவே ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், கிட்டார் பதில் சொல்லும். உறவினர் புக்கா வைட் தந்திமேல் ஸ்லைடை வழுக்கி எழுப்பும் நாதம் அவருக்கு உயிர். ஸ்லைடு அவர் கைக்குப் படியவில்லை. அந்த நாதத்தைத் தொட வேண்டுமென்று விரலைத் தந்தியில் ஊன்றி நடுக்கினார். உலகமே பின்னால் காப்பியடித்த அந்த நடுக்கம் அப்படித்தான் பிறந்தது. 1956-இல் மட்டும் 342 மேடைகள் ஏறியிருக்கிறார். 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான அவரது கச்சேரியில், ஒற்றை ஸ்வரத்துக்குக் கூட்டம் அலறுவதைக் கேட்கலாம்.

மூவரையும் அடுத்தடுத்துக் கேட்ட பிறகு தபலா அண்ணனின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. இவர்கள் யாரும் 'அடக்கம் நல்லது' என்று உபதேசம் கேட்டு அடங்கியவர்கள் இல்லை. தட்டில் இடமில்லை, விரலில்லை, கைக்கு வசமில்லை. அந்தப் பஞ்சம்தான் கையைக் கட்டியது. தினமும் கிட்டாரை எடுக்க வைத்ததும் அதே பஞ்சம்தான். 1987-இல் எனக்கு 6 தந்தி, 21 ஃப்ரெட், 10 விரல். எதற்குமே குறையில்லை. அதுதான் குறை.

போன வருஷம் ஒரு காலேஜ் பையன் சேர்ந்தான். 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தைப் பிசகாமல் வாசிப்பான். ஸ்கேலை மேலும் கீழும் மின்னலாக ஓட்டுவான். ஆனால் முகத்தில் சலிப்பு. "எல்லாம் வருது சார், வாசிக்கத்தான் தோண மாட்டேங்குது" என்றான். அவன் கிட்டாரை வாங்கி நாலு தந்தியைக் கழற்றி மேசை டிராயரில் போட்டேன். மிச்சம் இருந்த ரெண்டில் மூன்று ஃப்ரெட்டுக்கு மட்டும் சாக்பீஸால் கோடு போட்டேன். "ஒரு வரி பாடு. அப்புறம் இதுலயே பதில் சொல்லு. 8 பார்."

முதல் வாரம் முணுமுணுத்தான். இரண்டாம் வாரம் எதுவும் பேசவில்லை. மூன்றாம் வாரம் டிராயரைத் திறந்து தந்திகளை எடுத்து நீட்டினேன்.

கையை நீட்டவில்லை. "இன்னும் ஒரு வாரம் இதுலயே இருக்கட்டுமா சார்?" என்றான்.