காங்கிரி: கையோடு சென்ற கணப்பின் வரலாறு

குளிர்ந்த அறை ஒன்றுக்கு எந்தச் சூடேற்றியை வாங்குவது என்று கேட்டால் கடைக்காரர் வாட் கணக்கைச் சொல்வார். வாட் கணக்குக்கு முன்பே எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சூடாக வேண்டியது எது? அறையின் காற்றா, தரையா, அறையில் இருக்கும் ஆளா? இந்த மூன்றுக்கும் தனித்தனியே விடை கண்ட நிலப்பகுதி காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு. காற்றுக்குப் புகாரி, தரைக்கு ஹமாம், ஆளுக்குக் காங்கிரி. இவற்றுள் மிக எளியதும் மிகப் பரவலானதும் காங்கிரியே. அதன் வரலாற்றில் தொழில்நுட்பம், சொல்லாய்வு, மருத்துவம் ஆகிய மூன்றும் குறுக்கிடுகின்றன.

காஷ்மீரின் கடுங்குளிர்க் காலத்துக்குச் சில்லாய் கலான் என்று பெயர். டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரை நீளும் 40 நாள்கள் அவை. நாற்பதைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். அதனைத் தொடர்ந்து 20 நாள் சில்லாய் குர்து, பின்னர் 10 நாள் சில்லாய் பச்சா. இந்த 70 நாள்களும் வீட்டின் எல்லா அறைகளிலும் விறகு எரிப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலாத செலவு. எனவே வீட்டை விட்டுவிட்டு உடலைச் சூடேற்றும் வழி வேரூன்றியது.

காங்கிரியின் அமைப்பு எளிமையானது. சுட்ட மண்ணால் ஆன சிறு சட்டி. அதைச் சுற்றி மெல்லிய மிலாறுகளால் பின்னிய கூடை. தூக்கிச் செல்லக் கைப்பிடி. தணலைக் கிளற ஒரு சிறு கரண்டி. சட்டியில் மரக்கரியோ சினார் மரத்தின் சருகுகளை எரித்துப் பெற்ற கரியோ நிரப்பப்படும். மேலே படியும் சாம்பல் காற்றை மட்டுப்படுத்துவதால் தணல் பல மணி நேரம் கனன்று நிற்கும். குளிர் கூடினால் கரண்டியால் சாம்பலை விலக்கினால் போதும், வெப்பம் ஏறும். இன்றைய கருவிகளில் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுத் திருகு செய்யும் பணியை அங்கே சாம்பல் செய்கிறது. பெரன் எனப்படும் நீண்ட தளர்ந்த அங்கியின் உள்ளே காங்கிரியை வைத்துக்கொண்டால் அங்கியே ஒரு சிறிய அறையாகிவிடுகிறது. சூடேற்ற வேண்டிய காற்றின் அளவு ஓர் ஆளின் உடையளவுக்குச் சுருங்குகிறது.

பயன்பாட்டுப் பொருளாக மட்டும் அது நின்றுவிடவில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்கு வரும் விருந்தினரின் கையில் தணல் நிரப்பிய காங்கிரியைக் கொடுப்பது உபசாரம். சரார்-ஏ-ஷெரீப் என்னும் ஊரில் வண்ணமும் பின்னல் வேலைப்பாடும் கொண்டு உருவாகும் காங்கிரிகள் மணப்பெண்ணுக்கான சீராகச் செல்வதுண்டு. காஷ்மீரப் பண்டிதர்கள் மகர சங்கராந்தி நாளில் மறைந்த முன்னோரின் பெயரால் காங்கிரியைத் தானம் செய்வர். இறந்தவருக்கும் குளிரும் என்ற எண்ணம் அந்தத் தானத்தில் உறைந்திருக்கிறது.

இத்தகைய பொருளின் பிறப்பைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் ஒரு கருத்து உலவியது. இத்தாலியில் பெண்கள் கையில் எடுத்துச் சென்ற ஸ்கால்தினோ என்னும் தணற்சட்டி காங்கிரியை ஒத்திருந்தது. முகலாயப் பேரரசரின் பரிவாரத்தில் இருந்த இத்தாலியரிடமிருந்தே காஷ்மீரிகள் இதைக் கற்றிருக்கக்கூடும் என்று ஊகிக்கப்பட்டது. முகலாயர் காஷ்மீரைக் கைப்பற்றியது 1586இல். ஊகம் சரியென்றால் காங்கிரியின் வயது அதற்குப் பிற்பட்டதாக இருக்க வேண்டும்.

அந்த ஊகத்தைத் தகர்த்தது சொற்சான்று. கல்ஹணரின் ராஜதரங்கிணியை 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆரல் ஸ்டைன், 12ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரக் கவிஞர் மங்கர் தம் ஸ்ரீகண்டசரிதத்தில் ஹசந்திகா என்னும் தணற்கலத்தைக் குறிப்பிடுவதைச் சுட்டினார். முகலாயர் வருகைக்கு நான்கு நூற்றாண்டுகள் முந்தைய சான்று அது. காங்கிரி என்ற பெயரும் விறகுத் தணல் எனப் பொருள்படும் காஷ்டாங்காரிகா என்ற வடசொல்லின் திரிபாகவே கருதப்படுகிறது. உருவ ஒற்றுமையை மட்டும் கொண்டு கடன் வாங்கியவர் யார் எனத் தீர்ப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஒரே வகைக் குளிரும் ஒரே வகை எரிபொருளும் தொலைதூர மக்களை ஒரே வகைக் கலத்துக்கு இட்டுச் செல்லக்கூடும்.

அமரகோசம் இதே பொருளுக்கு அங்காரதானிகா, அங்காரசகடி, ஹசந்தி, ஹசனி எனப் பல பெயர்களை அடுக்குகிறது. ஹசந்தி என்றால் சிரிப்பவள். கனலும் தணலின் ஒளி அப்பெயருக்குக் காரணமாகலாம். அங்காரசகடி என்பது தணல் வண்டி. இருந்த இடத்திலிருந்து நகரும் நெருப்பு என்ற கருத்து அப்பெயரிலேயே உள்ளது. குஜராத்தியின் சகடி, மராத்தியின் சேகடி ஆகிய அடுப்புப் பெயர்கள் இந்தச் சகடியின் வழித்தோன்றல்களாகக் கருதப்படுகின்றன.

தமிழிலும் இக்கலத்துக்குப் பழம்பெயர்கள் உண்டு: தடவு, இந்தளம், கணப்பு. நெடுநல்வாடையில் வாடைக் காலம் இரு வேறு நெருப்புகளோடு காட்சிப்படுகிறது. வெளியே மழையில் நனைந்த கோவலர் கொள்ளியைக் கையிலேந்திக் குளிர்காய்கின்றனர். நகரத்து மாடங்களில் சாளரங்கள் அடைக்கப்பட்டு, அகன்ற வாயுடைய தடவில் நெருப்பு எரிகிறது. எவரிடம் எந்தச் சூடேற்றி இருந்தது என்பது அன்றும் பொருளியல் நிலையைப் பொறுத்ததே. இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தமிழில் தணலைக் கங்கு என்கிறோம். அதனால் காங்கிரி தமிழிலிருந்து போனது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இத்தாலிய ஊகம் உருவ ஒற்றுமையால் செய்த பிழையை இது ஒலி ஒற்றுமையால் செய்வதாகும்.

காங்கிரியின் வரலாற்றில் இருண்ட அத்தியாயமும் உண்டு. 1865இல் ஸ்ரீநகருக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவ ஊழியர் வில்லியம் எல்ம்ஸ்லி, காஷ்மீரிகளின் அடிவயிற்றிலும் தொடையிலும் தோன்றும் தோற்புற்று காங்கிரிச் சூட்டோடு தொடர்புடையது என்று 1866இல் எழுதினார். 1872இல் காஷ்மீரி மொழிக்கான சொல்தொகுதி ஒன்றை வெளியிட்டவரும் இவரே. பின்னர் ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையின் எர்னஸ்ட் நீவ் 1923இல் இந்நோயை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் படும் மிதமான சூடு முதலில் தோலில் வலைபோன்ற கருஞ்சிவப்புத் தழும்பை உண்டாக்குகிறது; சிலருக்கு அது முதுமையில் புற்றாக மாறுகிறது. மடிக்கணினியைத் தொடைமேல் நெடுநேரம் வைத்திருப்போரிடமும் இதே வலைத் தழும்பு பதிவாகியுள்ளது. உடலைச் சூடேற்றுவது சிக்கனம். அச்சிக்கனத்தின் விலையை உடலே செலுத்தியது.

அறையைச் சூடேற்றும் வழிக்கும் விலை உண்டு. புகாரி என்பது புகைபோக்கியுடன் கூடிய இரும்பு அடுப்பு. ஆவியைக் குறிக்கும் புகார் என்ற அரபுச் சொல்லே இதற்கு மூலம். இந்தியில் காய்ச்சலுக்கும் அதே புகார்தான். தமிழில் குளிர்காய்தலும் காய்ச்சலும் ஒரே வேரில் நிற்பதை இதனோடு ஒப்பிடலாம். புகைபோக்கி நச்சுப் புகையை வெளியேற்றியது. ஆனால் அடுப்பை ஒரே இடத்தில் கட்டிப்போட்டது. கற்பலகைத் தரைக்குக் கீழே விறகெரிக்கும் ஹமாம் கட்டடத்தின் பகுதியாகவே ஆகிவிட்டது. அதை அமைக்க மசூதிகளுக்கும் வசதி படைத்த வீடுகளுக்குமே இயன்றது.

இவ்விரண்டுக்கும் வழியில்லாதவர் அங்கீட்டி என்னும் கரியடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுசெல்கின்றனர். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் உறக்கத்திலேயே நேரும் மரணங்களின் காரணம் இதுதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்பாற்றலுடன் சேர்கிறது. இறப்போரில் பலர் வேலை தேடி வந்து, ஒற்றை அறையில் கூட்டாக உறங்குவோர். கதவிடுக்கில் துணியைச் செருகிக் குளிரை அடைக்கும்போது நச்சும் உள்ளே அடைபடுகிறது. எரிவாயுச் சூடேற்றிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நகரும் தன்மையையும் புகையின்மையையும் அறைக்குள் ஒருசேரத் தந்தது மின்சூடேற்றி. புகை மறைந்துவிடவில்லை; நிலக்கரி எரியும் மின்நிலையத்துக்கு இடம்பெயர்ந்தது. ஒரு கிலோவாட் மின்சாரம் உண்ணும் எந்த மின்தடைச் சூடேற்றியும் தருவது ஒரு கிலோவாட் வெப்பமே; விலை கூடுவதால் அது கூடாது. வேறுபாடு வெப்பம் சேரும் வழியில் இருக்கிறது. செந்தணல்போல் ஒளிரும் கம்பிச் சூடேற்றி ஆளை நேரே தொடுகிறது. அது காங்கிரியின் மரபு. விசிறிச் சூடேற்றி காற்றை விரைவில் வெதுவெதுப்பாக்குகிறது. எண்ணெய் நிரப்பிய சூடேற்றி மெல்லச் சூடேறி மெல்ல ஆறுகிறது. அது புகாரியின் மரபு. எப்போதாவது ஒரு மணி நேரம் படிக்கும் அறைக்கு முதலாவது போதும். விருந்தினர் இரவு முழுதும் உறங்கும் அறைக்கு மூன்றாவதே ஏற்றது. 2000 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்காது, 16 ஆம்பியர் வேண்டும். ரஜாயும் திரைச்சீலையும் கருவியிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

மின்வெட்டு நேரும் இரவுகளில் ஸ்ரீநகர் இன்றும் காங்கிரியை நாடுகிறது. பழமைப் பற்று அதற்கு ஒரு பகுதிக் காரணமே. கம்பி வேண்டாத வெப்பம் வேறொன்று அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஒரு சமூகம் எந்தச் சூடேற்றியைத் தேர்கிறது என்பதில் அதன் காடு, கட்டடம், கூலி, மின்கம்பி எல்லாம் சேர்ந்தே பேசுகின்றன. அந்தத் தேர்வால் யாருடைய தோல் கருகுகிறது, யாருடைய மூச்சு அடைபடுகிறது என்பதையும் பொருள்சார் பண்பாட்டு ஆய்வு தன் கேள்விகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.