தகவல் மெய்யியலும் நூலக அறிவியலின் எதிர்காலமும்: அரியலூர், பெரம்பலூர் பகுதி தரும் சான்று

தகவல் மெய்யியல் என்பது தகவல் என்றால் என்ன, அது எங்கே தங்குகிறது, எவ்வாறு கைமாறுகிறது, எப்போது அழிகிறது என்பவற்றை ஆராயும் துறையாகும். இத்துறையை வளர்த்தவர்களுள் ஒருவரான லூசியானோ புளோரிடி, நூலக, தகவல் அறிவியலைத் தகவல் மெய்யியலின் பயன்பாட்டுத் துறையாகக் கருதலாம் என 2002ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். இக்கருத்தை விளங்கிக்கொள்ள, 19ஆம் நூற்றாண்டில் இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டப் பகுதியில் தமிழ்க் கல்வி நடைபெற்ற முறை உதவுகிறது.

ஆசிரியரே நூலகம்

உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் இளமையின் ஒரு பகுதியை அரியலூர், குன்னம், செங்கணம் முதலிய ஊர்களில் கழித்தார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை ஆகியோரிடம் தமிழ் கற்றார். நன்னூலைக் கார்குடி கஸ்தூரி ஐயங்காரிடமும், யாப்பருங்கலக்காரிகையைச் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடங்கேட்டார். ஒரு நூலைக் கற்க வேண்டுமானால் அதை அறிந்தவர் இருக்கும் ஊரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. எந்த நூல் யாரிடம் உள்ளது என்ற செய்தி வாய்மொழியாகவே பரவியது. இன்று நூற்பட்டியல் செய்யும் பணியை அன்று ஊரார் பேச்சு செய்தது.

ஏடு இருந்தும் அறிவு இல்லாத நிலை

மைக்கேல் பக்லாந்து 1991ஆம் ஆண்டில் தகவலை மூன்றாகப் பகுத்தார்: அறிவிக்கும் செயல், அதனால் பெறும் அறிவு, அவ்வறிவைத் தாங்கும் பொருள். இம்முறைக் கல்வியில் முதல் இரண்டும் ஆசிரியரைச் சார்ந்தே இருந்தன. ஆசிரியர் வழியில் ஒரு நூல் விடுபட்டால், ஏடு மட்டும் எஞ்சும்.

1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற சாமிநாதையரும், 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்கும்வரை சீவக சிந்தாமணியைப் படித்திருக்கவில்லை. பின்னர் ஏடு தேடிச் சென்றபோது, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் நெருப்பில் இடப்பட்டுவிட்டதாக அறிந்தார். அவற்றில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதற்குப் பட்டியல் இல்லாததால், இழந்தது எது என்பதும் தெரியாமற் போயிற்று.

1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த அவர், தம் பதிப்புகளில் பாடபேதங்களையும் ஏடு தந்தவர்களின் பெயர்களையும் குறித்தார். நூலோடு அதன் வரலாற்றையும் சேர்த்துக் காத்த பணி இது.

பட்டியலிலிருந்து இணையம் வரை

சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்புமுறையையும் வெளியிட்டார். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இதற்கு அரசு அமைப்பை வழங்கியது. ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகச் செல்ல இயலாதவருக்கும் நூல் கிடைக்க வழி பிறந்தது.

எதிர்காலம்

இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூல்களும் சுவடிகளும் படிமங்களாகக் கிடைக்கின்றன. ஆனால் தலைப்பு, ஆசிரியர், பொருள், கிடைத்த இடம் ஆகிய விவரங்கள் இல்லாத படிமம், பரணில் கிடக்கும் ஏட்டைப் போன்றதே. செயற்கை நுண்ணறிவு தரும் விடைகளுக்கும் இது பொருந்தும். மூலம் தெரியாத விடையைச் சரிபார்க்க முடியாது. செங்கணத்து மாணவருக்குத் தாம் கற்றது யாரிடமிருந்து வந்தது என்பது தெரியும். அந்தத் தொடர்பு அறுபடாமல் காப்பதே நூலகரின் வருங்காலப் பணியாக அமையும்.